எந்த மானை விடுவது? குளிர்கால வில்வேட்டையின் வயதுக் கணக்கு

ஜனவரி மாதம், மாலை நாலரை மணி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சோயா வயலின் ஓரம். மரத்தோடு சேர்த்துக் கட்டிய பரணில், தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில், எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வேட்டை, எனக்கு வேடிக்கை. இரண்டு மணி நேரமாகக் கால்விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போது காட்டோரத்திலிருந்து எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண் மான் இறங்கி வந்து பதினெட்டு கஜத்தில் நின்றது. பனியை மூக்கால் கிளறி, அறுக்காமல் விட்ட சோயாக் காய்களை மென்றது. மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. பெரியவர் கொக்கியில் தொங்கிய வில்லைத் தொடவே இல்லை. ஐந்து நிமிடம் மேய்ந்துவிட்டு மான் தன்பாட்டுக்குப் போனது. "ரெண்டரை" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ரெண்டரை என்றால் இரண்டரை வயது. சின்னப் பையன், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இதை ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒருவர் "இரக்கம் வந்திருக்கும்" என்றார். இன்னொருவர் "நல்ல வித்து என்று இனவிருத்திக்கு விட்டிருப்பார்" என்றார். மூன்றாமவர், "எட்டு முனை என்றால் எட்டு வயதுதானே, கிழட்டு மானை எதற்கு விட வேண்டும்?" என்று கேட்டார். மூன்றுமே தவறு. ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே பிறந்து வளர்ந்த வேட்டைக்காரர்களிலேயே பாதிப் பேர் இதை இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

## சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

இந்தியாவில் மானைத் தொட்டால் சிறை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. ஒஹாயோவில் கதை வேறு. 1904-க்குள் அந்த மாநிலத்தில் ஒரு மான்கூட மிஞ்சவில்லை. காட்டை வெட்டியதும் கட்டுப்பாடில்லாமல் வேட்டையாடியதும் காரணம். பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, வளர்த்து, இப்போது தேவைக்கு மேல் பெருகிவிட்டன. ஓநாயும் பூமாவும் அங்கே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 20,000 கார்கள் மான் மீது மோதுகின்றன. எனவே மாநில வனவிலங்குத் துறையே உரிமம் கொடுத்து, பருவம் குறித்து, எத்தனை மான் என்று எண்ணி வேட்டைக்கு விடுகிறது. வில் விற்பனையில் 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பணிக்கே போகிறது.

வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரம் வரை நீளும். ஆனால் கொம்புள்ள மான் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்றே ஒன்றுதான். ரேஷன் கார்டில் சீல் விழுந்த மாதிரி. எடுத்துவிட்டால் அந்த வருடக் கணக்கு தீர்ந்தது. விடுவதா எடுப்பதா என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் வருவது அந்த ஒன்றினால்தான்.

## கொம்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தால் இரண்டு வகையையும் பார்த்திருப்பீர்கள். வெளிமானின் முறுக்கிய கொம்பு மாட்டுக்கொம்பு மாதிரி: உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. ஒருமுறை முளைத்தால் ஆயுளுக்கும் அதேதான், வருடா வருடம் நீளும். புள்ளிமானின் கிளைவிட்ட கொம்பு அப்படியல்ல. அது வெறும் எலும்பு. விழுந்து, திரும்ப முளைக்கும். இதைக் கிளைக்கொம்பு என்று சொல்லிக்கொள்வோம்.

நாம் பேசும் வெள்ளைவால் மானுக்குக் கிளைக்கொம்பு. வசந்தத்தில் முளைக்கத் தொடங்கும். கோடை முழுவதும் மெத்தென்ற ரோமத்தோல் மூடி, அதில் ரத்தம் ஓட, படுவேகமாக வளரும். செப்டம்பரில் தோல் காய்ந்து உரியும். நவம்பர் இணைசேர்க்கைப் பருவத்தில் சண்டைக்கு உதவும். குளிர்காலத்தில் உடலின் ஆண் சுரப்பு குறைந்ததும், மண்டையோடு ஒட்டிய இடம் இளகி, பொத்தென்று விழுந்துவிடும். அடுத்த வசந்தத்தில் பூஜ்யத்திலிருந்து மறுபடி. இந்தக் கடிகாரத்தைச் சுழற்றுவது பகலின் நீளம். கிண்டியில் எந்த மாதம் போனாலும் ரோமத்தோல் கொம்போடு ஒன்று, முற்றிய கொம்போடு ஒன்று, கொம்பே இல்லாமல் ஒன்று என்று பார்க்கலாம். ஒஹாயோவில் ஏறக்குறைய எல்லா ஆண் மானும் ஒரே தாளத்தில் ஆடும்.

ஆகவே கிளைக்கொம்பு மரத்தின் வளையம் மாதிரி வயதைச் சேர்த்துக்கொண்டே போகும் பொருள் இல்லை. அந்த ஒரு வருடத்தின் விளைச்சல், அவ்வளவுதான்.

## விளைச்சலை முடிவு செய்யும் மூன்று

ஒரு மாமரம் இந்த வருடம் எத்தனை காய்க்கும் என்று கேட்டால் தோட்டக்காரர் மூன்றைப் பார்ப்பார்: என்ன ரகம், எருவும் தண்ணீரும் எப்படி, மரத்துக்கு என்ன வயது. மான் கொம்புக்கும் அதே மூன்றுதான். மரபு, தீனி, வயது.

மரபை வேட்டைக்காரர் தொட முடியாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன். தீனியைக் கொஞ்சம் மாற்றலாம். நிலம் சொந்தமாக இருந்து, தீவனப் பயிர் போடக் காசும் இருந்தால். வயது ஒன்றுதான் காசில்லாமல் கிடைக்கும். அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நாணை விடாமல் இருந்தால் மானுக்கு ஒரு வயது கூடும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒன்றரை வயதில் ஓர் ஆண் மான், தன் வாழ்நாளில் எட்டக்கூடிய கொம்பின் அளவில் சுமாராகக் கால் பங்கைத்தான் காட்டும். இரண்டரையில் பாதியைத் தாண்டும். மூன்றரையில் முக்கால் பங்கு. உச்சம் ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள். அப்புறம் இறங்குமுகம்.

வயதில் ஏன் எப்போதும் ஓர் அரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்கலாம். குட்டி போடுவது மே கடைசி, ஜூன். வேட்டை நவம்பர், டிசம்பர். பிறந்து ஆறு மாதம், ஒன்றரை வருடம், இரண்டரை வருடம் என்றுதான் அந்த நேரத்தில் எந்த மானும் இருக்க முடியும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கொம்பு வருடா வருடம் புதிது, அதன் அளவில் நம் கையில் இருக்கும் பிடி வயது மட்டுமே, விடுவது என்பது அந்த வயதை வாங்குவது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் வேட்டையாடப்பட்ட கொம்புள்ள மான்களில் 60 சதவீதத்துக்கும் மேல் ஒன்றரை வயதுப் பிள்ளைகள். வயது என்ற ஒன்றையே எந்த மானுக்கும் கொடுக்காமல், "எங்கள் காட்டில் பெரிய மானே கிடையாது" என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே.

## முனையை எண்ணி வயது சொல்லலாமா

முடியாது. நல்ல தீனி கிடைத்த ஒன்றரை வயது மானுக்கு எட்டு முனை வரலாம். எட்டு வயதுக் கிழவனுக்கு ஆறாகக் குறைந்திருக்கலாம். சண்டையில் இரண்டு முறிந்தும் போயிருக்கும்.

முனையை நம்பிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1995-இல் மிசிசிப்பி மாநிலம், இரண்டு கொம்பிலும் சேர்த்து நான்கு முனையாவது இருந்தால்தான் ஆண் மானை எடுக்கலாம் என்றது. சின்ன மான்களைக் காப்பாற்றுவது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் மண் வளமான பகுதிகளில் ஒன்றரை வயதிலேயே பல மான்களுக்கு நான்கு, ஆறு முனை இருந்தது. அவை சட்டப்படி எடுக்கலாம் என்றாகிவிட்டன. காப்பாற்றப்பட்டவை அதே வயதில் கொம்பு சிறுத்த மான்கள். சில வருடம் கழித்து மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பல இடங்களில் இரண்டரை, மூன்றரை வயது மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறுத்திருந்தது. மரபு கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வகுப்பில் உயரமான பையன்களை மட்டும் முதல் வருடமே டிசி கொடுத்து அனுப்பிவிட்டால், மூன்றாம் வருட குரூப் போட்டோவில் மிச்சப் பேர்தானே நிற்பார்கள்?

மாநிலம் பிறகு விதியை மாற்றி, முனைக்குப் பதில் கொம்பின் அகலத்தையும் நீளத்தையும் பார்க்கச் சொன்னது. டெக்சஸில் பல மாவட்டங்களில் இன்னும் தெளிவாக இருக்கிறது. எடுக்க வேண்டுமானால், இரண்டு கொம்புக்கும் நடுவில் உள்ளகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். அல்லது ஒரு கொம்பாவது கிளைவிடாமல் இருக்க வேண்டும். 13 அங்குலத்தை மரத்தில் உட்கார்ந்து எப்படி அளப்பது? மான் காதை விறைத்து முன்னால் பார்க்கும்போது, காது நுனிக்குக் காது நுனி ஏறக்குறைய அவ்வளவு வரும். கொம்பு காதைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்தால் போதும். முனையைவிட அகலத்துக்கு வயதோடு நெருக்கம் அதிகம்.

இடையில் இன்னொரு எண்ணும் காதில் விழும்: "நூற்றி முப்பது மான்". எடையும் இல்லை, வயதும் இல்லை. கொம்பின் நீளம், கிளைகள், சுற்றளவு, உள்ளகலம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து அங்குலத்தில் கூட்டிய தொகை. வில்லால் எடுத்த மான்களுக்குப் பதிவேடு வைத்திருக்கும் போப் அண்ட் யங் சங்கம், சாதாரண வடிவக் கொம்புக்கு 125 இருந்தால் சேர்த்துக்கொள்ளும். பெருமைக்கு அளக்க நல்ல கணக்கு. வயதுக்கு இதிலும் விடை இல்லை.

## "மட்டமான வித்தை ஒழிக்கிறேன்"

வேட்டை முகாம்களில் அதிகம் அடிபடும் தவறு இதுதான். ஒன்றரை வயதில் கிளையே விடாமல் இரண்டு ஊசி மாதிரிக் கொம்போடு வரும் மானை ஊசிக்கொம்பன் என்று வைத்துக்கொள்வோம். "இது ஜென்மத்துக்கும் ஊசிக்கொம்பன்தான், எடுத்துவிட்டால் காட்டின் ரத்தம் சுத்தமாகும்" என்பார்கள்.

நம் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் குள்ளமாக இருந்த பையன் கல்லூரி முடிக்கும்போது ஆறடியாக வந்து நிற்பதைப் பார்த்ததில்லையா? ஊசிக்கொம்பன் பெரும்பாலும் தாமதமாகப் பிறந்தது, அல்லது தாய்க்குச் சரியான தீனி கிடைக்காமல் பிறந்தது. தென் டெக்சஸில் காட்டு மான்களைப் பிடித்து, காதில் அடையாளம் போட்டு விட்டு, வருடா வருடம் திரும்பப் பிடித்து அளந்திருக்கிறார்கள். நாலரை வயது வரும்போது ஊசிக்கொம்பனும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றார்கள். அதே பகுதியில் கொமாஞ்சி பண்ணை என்ற பெரிய நிலத்தில், ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, கொம்பு சிறுத்தவற்றைப் பல வருடம் விடாமல் கழித்துக்கட்டிப் பார்த்தார்கள். அடுத்த தலைமுறைக் கொம்பு பெரிதாகவில்லை.

ஏன் என்று யோசித்தால் ஆச்சரியம் இல்லை. கொம்புக்கான மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது. பெண் மானின் கொம்பை யார் பார்த்தது? இணைசேர்வதும் பெரிய கொம்பனின் தனியுரிமை இல்லை. ஒன்றரை, இரண்டரை வயதுப் பையன்களும் கணிசமான குட்டிகளுக்குத் தகப்பன் என்று மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வேலி போட்ட பண்ணையில், ஜோடி சேர்த்து வளர்த்தால் மரபைத் திருப்பலாம். திறந்த காட்டில் ஒருவர் ஒரு வில்லோடு உட்கார்ந்து திருப்ப முடியாது.

பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு தவறு: ஆண் மானை விட்டால் மான் பெருகிவிடும் என்பது. எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெண் மான்கள். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். நல்ல தீனியிருந்தால் பெண் இரட்டைக் குட்டி போடும். மான் குறைய வேண்டுமென்றால் பெண் மானை எடுக்க வேண்டும். ஒஹாயோவில் அதற்கும் தனிச் சீட்டு உண்டு. பெரியவர் அந்தக் குளிர்காலத்தில் எடுத்தது இரண்டு பெண் மான்கள். அவர் வீட்டு ஃப்ரீசர் நிரம்பியது அவற்றால்தான்.

## உடம்பைப் படிப்பது

சரி, கொம்பு பேசாது என்றால் வயதை எது சொல்லும்?

ஆட்டுச் சந்தையில் கிடா வாங்கியவர்களுக்கு இது தெரியும். கொம்பைப் பார்த்து விலை பேசுபவன் ஏமாறுவான். விவரம் தெரிந்தவர் வாயைத் திறந்து "ரெண்டு பல், நாலு பல்" என்று எண்ணுவார். மானுக்கும் பல்தான் கடைசிச் சாட்சி, ஆனால் செத்த பிறகு. கீழ்த்தாடையில் மூன்றாவது கடைவாய்ப் பல், பால்பல்லாக இருக்கும்வரை மூன்று திட்டாக இருக்கும். ஒன்றரை வயதையொட்டி அது விழுந்து இரண்டு திட்டுப் பல் முளைக்கும். அதற்கு மேல் பல் தேய்வதைப் பார்த்து மதிப்பிடும் முறையை நியூயார்க்கில் 1949-இல் வகுத்தார்கள். இரண்டரைக்கு மேல் போனால் அதிலும் தவறு வரும். முன்பல்லின் வேரை அறுத்து வளையம் எண்ணும் ஆய்வுக்கூடங்களும் உண்டு.

உயிரோடு நிற்கும் மானின் வாயை யார் திறப்பது? எனவே உடம்பைப் படிக்க வேண்டும். பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், "கொம்பைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்" என்பது. நிஜமாகவே கட்டைவிரலை நீட்டி மறைத்துக் காட்டினார்.

ஒன்றரை வயது மான், கொம்பு ஒட்டவைத்த பெண் மான் மாதிரி இருக்கும். கழுத்து ஒல்லி, கால்கள் உடம்புக்கு நீளம், வயிறு ஒட்டி. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பத்தாம் வகுப்புப் பையன். பேன்ட் மட்டும் கணுக்காலுக்கு மேல்.

இரண்டரையில் கொம்பு நம்மை மயக்கும். முனை எட்டு, அகலமும் பரவாயில்லை. மறைத்துவிட்டுப் பார்த்தால் கால்கள் இன்னும் நீளம்தான். மார்பும் பின்பக்கமும் ஒரே கனம்.

மூன்றரை வயது மான் பந்தயக் குதிரை. மார்பு இறங்கி, இடுப்பு சிக்கென்று. நவம்பரில் கழுத்து தடித்திருக்கும். ஆனால் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கும். அவ்வளவு அழகாக இருக்கும், கை தானாக வில்லுக்குப் போகும்.

நாலரைக்கு மேல் அந்தக் கோடு மறைந்துவிடும். கழுத்து நேராகத் தோளுக்குள் இறங்கும், ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி. உடம்பு பெருத்ததால் கால்கள் குட்டையாகத் தோன்றும். வயிற்றுக் கோடு மார்புக் கோட்டோடு சமமாகிவிடும். ஆறு, ஏழு வயதில் தொப்பை தொங்கும், முதுகு நடுவில் பள்ளமாகும், தாடைக்குக் கீழே தோல் ஆடும். நடையிலும் தெரியும். வயலுக்குள் முதலில் ஓடி வருவது பையன்கள். பெரியவன் வெளிச்சம் மங்கும்வரை மரத்தோரத்தில் நின்று காற்றை மோந்துகொண்டிருப்பான்.

சுருக்கமாக, கால் நீளமா குட்டையா, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கோடு உண்டா, வயிறு எங்கே நிற்கிறது. இந்த மூன்றைப் பார்த்தால் விடவேண்டியவற்றில் பெரும்பகுதி அடையாளம் தெரிந்துவிடும்.

## குளிர்காலம் செய்யும் குழப்பம்

மேலே சொன்ன அத்தனையும் நவம்பருக்கானது. ஜனவரியில் பாதி பொய்த்துப்போகும்.

நவம்பரில் ஆண் மான் சாப்பாட்டை மறந்து பெண் மான் பின்னால் ஓடுகிறது. அந்தச் சில வாரங்களில் உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம் கரைந்துவிடும். 90 கிலோ மான் 70 கிலோவில் நிற்கும். அதிகம் ஓடியவன் முதிர்ந்தவன். அதிகம் இளைப்பவனும் அவனே. தொப்பை போயிற்று, கழுத்தின் தடிப்பு வற்றிவிட்டது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கோடு திரும்ப வந்துவிட்டது. ஐந்து வயதுக்காரன் மூன்று வயது மாதிரி நிற்பான். இன்னொரு பக்கம், கடுங்குளிரில் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் இளம் மான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பையன் மாதிரிப் பருமனாகத் தெரியும். பெரியவர் அதனால் ஜனவரியில் வயிற்றை நம்புவதில்லை. கால், முதுகெலும்பின் கோடு, முகம் என்று எலும்புக்குப் போய்விடுகிறார். எலும்பு இளைக்காது.

அடுத்த குழப்பம் இன்னும் பெரிது. ஜனவரியிலிருந்து கொம்பு விழத் தொடங்கும். காயம்பட்டவனுக்கும் நன்றாக இளைத்தவனுக்கும் முன்னதாகவே. நேற்றுவரை பத்து முனையோடு திரிந்த ஐந்து வயதுக்காரன், இன்று மொட்டைத் தலையோடு பெண் மான் கூட்டத்துக்குள் நின்று சோயா தின்றுகொண்டிருப்பான். ஒஹாயோ சட்டப்படி ஒரு கொம்பாவது மூன்று அங்குலம் இருந்தால்தான் "கொம்புள்ள மான்". இவனுக்கு இல்லை, ஆகவே பெண் மான் சீட்டில் இவனை எடுத்தாலும் சட்டத்தில் குற்றமில்லை. நான்கு வருடம் பார்த்துப் பார்த்து விட்ட மானைப் பெண் மான் என்று நினைத்து எடுத்துவிட்டு, கீழே இறங்கிப் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தவர்கள் உண்டு. பைனாகுலரில் காதுகளுக்கு முன்னால் பார்த்தால், கொம்பு விழுந்த இடத்தில் காசு அகலத்துக்கு இரண்டு வடு தெரியும்.

மூன்றாவது, மொட்டுக் குட்டி. ஆறேழு மாத ஆண் குட்டிக்குக் கொம்பு கிடையாது. தலையில் ரோமத்துக்கு அடியில் இரண்டு மேடு மட்டும். தனியாக நின்றால் பெண் மான் என்றே தோன்றும். அனுபவமில்லாத பையன் என்பதால் பெரும்பாலும் முதலில் வயலுக்குள் வருவதும் இவனே. மூஞ்சி குட்டை, உடம்பு சதுரப் பெட்டி, காதுகளுக்கு நடுவில் தலை தட்டை. வளர்ந்த பெண் மானுக்கு மூஞ்சி நீளம், தலை உருண்டை. பெரியவருடைய விதி எளிது: ஒற்றையாக நிற்கும் கொம்பில்லா மானைத் தொடாதே, பக்கத்தில் இன்னொன்று வரட்டும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

## வில் என்பதால் என்ன மாறுகிறது

துப்பாக்கிக்காரர் நூறு கஜத்துக்கு அப்பால் சில நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வில்லுக்கு மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வர வேண்டும். வருவதற்குள் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். வயது பார்க்கப் பழக வில்லைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வயது சரியாக இருந்தும் விடவேண்டிய மான்கள். அம்பு, ரத்தத்தை வடித்துத்தான் கொல்கிறது. நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் பட்டால் சில நொடிகளில் முடியும், தவறினால் மான் காயத்தோடு போய்விடும். அம்பு நொடிக்குச் சுமார் 85 மீட்டர் போகும், நாணின் ஓசையோ 340 மீட்டர். இருபது கஜ தூரத்துக்கு அம்புக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. அதற்கு முன்பே ஓசை மானின் காதில். காற்றில்லாத, உறைந்த ஜனவரி மாலையில் மான்கள் வேறு நான்கு மாத வேட்டையைப் பார்த்து மிரண்டிருக்கும். ஓசை கேட்டதும் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு மேலே போய்விடும். போதாதற்கு விறைத்த கை, நாணில் உரசும் தடித்த கோட்டுக் கை. மான் தலைதூக்கி நம் பக்கம் பார்த்தால், எத்தனை வயதானாலும் பெரியவர் விட்டுவிடுவார்.

## விட்ட மான் எங்கே போகும்

நண்பர்கள் கேட்ட கேள்விகளிலேயே நியாயமானது இது: "அவர் விட்டு என்ன பயன்? பக்கத்து நிலத்துக்காரர் எடுத்துவிட மாட்டாரா?"

எடுக்கலாம். ஒரு வயதை ஒட்டி ஆண் மான்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்தை விட்டுச் சில மைல் தள்ளிக் குடிபோகும். தாய் விரட்டுவதும் அதற்கு ஒரு காரணம். பெரியவருடைய இடம் நாற்பது ஏக்கர். அங்கே பிறக்கும் பையன் வேறு எங்கோ வளர்வான். அங்கே வளர்பவன் வேறு எங்கோ பிறந்தவன். ஊர் ஏரியில் ஒருவர் மட்டும் சின்ன மீனைத் திரும்ப விட்டால் நடப்பதுதான் நடக்கும். அதனால் பல இடங்களில் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் கூடிப் பேசி, மூன்றரைக்குக் கீழே எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். சட்டம் இல்லை, வாய்ப்பேச்சுதான். சில வருடம் நிற்கும், சில வருடம் யாராவது உடைப்பார்கள்.

விடக் கூடாது என்று சொல்லும் இடமும் உண்டு. மான்களுக்கு நலிவு நோய் என்று ஒன்று வருகிறது. உடலின் ஒரு புரதம் தவறாக மடிந்து மூளையைத் துளைத்துவிடும்; மருந்து இல்லை. ஒஹாயோவின் காட்டு மான்களில் 2020-இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதிர்ந்த ஆண் மான்களில்தான் இது அதிகம். ஊர் ஊராகத் தூக்கிப்போவது குடிபெயரும் இளம் ஆண்கள். மிசூரி மாநிலம் இந்த நோய் உள்ள மாவட்டங்களில் முனை விதியையே எடுத்துவிட்டது. "விடு, வளரட்டும்" என்பது அங்கே நல்ல யோசனை இல்லை. என் கருத்தைக் கேட்டால், நோய் வந்த பகுதியில் கொம்புக் கணக்கைவிட வனத்துறையின் கணக்கே பெரிது. பெரியவர் இதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மாவட்டத்தில் நோய் இன்னும் வரவில்லை.

பருவம் முடிந்து, பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மறுபடி அந்த வயலுக்குப் போனேன். பனி உருகிச் சேறு. விழுந்த கொம்பு பொறுக்கப் போகிறோம் என்றார். சீக்கிரம் போகாவிட்டால் எலியும் அணிலும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்றுவிடுமாம். இரண்டு மணி நேரம் தலையைக் குனிந்தே நடந்தோம். வேலியோரம், மான்கள் தாண்டிக் குதிக்கும் இடத்தில், நான்கு முனையோடு ஓர் இடது கொம்பு கிடந்தது. கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனம். அடிப்பக்கம் சொரசொரவென்று, இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன்தான், நாம் பார்த்தவன் என்றார். வலது கொம்பைத் தேடி இருட்டும்வரை நடந்தோம், கிடைக்கவில்லை.